‘எந்த ஆம்ப் ஆனாலும் போதும்’ என்பது சரியல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்கு இசைக்கருவி வாங்கித் தர விரும்பும் பெற்றோருக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ் ஆகியவற்றைப் பற்றிப் பொறுமையாக விளக்கிய கட்டுரையாளர், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாருக்கு வந்தபோது மட்டும், கிட்டாருக்கு வைத்திருக்கும் ஆம்ப் (கருவியின் ஒலியைப் பெருக்கும் ஆம்பிளிபையர்) இதற்கும் போதும் என்றும், தனியாக வாங்குவதானால் வாட்ஸ் அதிகமுள்ள காம்போவாக (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) பார்த்து வாங்கினால் சரி என்றும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். முப்பது ஆண்டுகளாகத் திருநெல்வேலி வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களிலும் எங்கள் ஊர் ஆலயத்தின் பாடகர் குழுவிலும் பேஸ் வாசித்து வருபவன் என்ற முறையில், அந்த வாக்கியத்தில் இரண்டு தவறுகள் இருப்பதைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். இரண்டையும் நானே செய்து, இரண்டுக்கும் பணம் கொடுத்திருக்கிறேன்.

முதல் தவறு, கிட்டார் ஆம்ப் பேஸுக்கும் போதும் என்பது. நான்கு தந்தி பேஸின் அடித்தந்தி நொடிக்கு 41 முறை, அதாவது 41 ஹெர்ட்ஸில், அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் அடித்தந்தி அதைப்போல் இரு மடங்காக, 82 முறை அதிர்கிறது. ஒரு ஸ்தாயிதானே கீழே இறங்குகிறோம் என்று தோன்றலாம். ஆனால் ஒரு ஸ்தாயி இறங்கும்போது அதே அளவு சத்தத்தை எழுப்ப வேண்டுமானால், ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு, முன்னும் பின்னும் நகரும் தூரம் நான்கு மடங்காக வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர்கள் அவ்வளவு தூரம் நகர்வதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. போதாததற்கு, கிட்டார் காம்போக்களில் பலவற்றின் முதுகுப்புறம் திறந்தே இருப்பதால், கோனின் பின்பக்கத்திலிருந்து கிளம்பும் ஒலி சுற்றி வந்து முன்பக்கத்து ஒலியுடன் மோதி, தாழ்ந்த சுரங்களைக் கரைத்துவிடுகிறது. வாசிப்பவர் சத்தம் போதவில்லையே என்று வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவார். ஒருநாள் கோன் கிழியும் அல்லது அதை அசைக்கும் கம்பிச்சுருள் கருகும். என்னுடைய முதல் ஆம்ப் இப்படித்தான் இரண்டே மாதத்தில் போனது. "எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும்" என்று சொல்லி விற்ற கடைக்காரர், பழுதான பிறகு, பேஸை அதில் மாட்டியது என் தவறு என்றார்.

இதை மறுபக்கமாகப் பார்த்தால் கணக்கு வேறு. பேஸ் ஆம்பில் கிட்டாரை மாட்டினால் எந்தச் சேதமும் வராது. 1951-இல் பெண்டர் நிறுவனம் பிரிசிஷன் பேஸ் கிட்டாரை வெளியிட்ட மறு ஆண்டே, அதற்கென்று 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுடன் பேஸ்மேன் என்ற காம்போவைச் செய்தது. சில ஆண்டுகளில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுடன் வந்த அதன் வடிவத்தைக் கிட்டார் கலைஞர்களே விரும்பி எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் 1960-களின் தொடக்கத்தில் செய்த முதல் கிட்டார் ஆம்ப், அந்தப் பேஸ்மேனைப் பார்த்துச் செய்ததே. எனவே வீட்டில் அண்ணன் கிட்டாரும் தம்பி பேஸும் பழகுகிறார்கள், ஓர் ஆம்புக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், வாங்க வேண்டியது பேஸ் ஆம்ப்.

இரண்டாவது தவறு, வாட்ஸ் எண்ணைப் பார்த்து வாங்கச் சொன்னது. இதுவே பெரிய தவறு என்பதால் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். வீட்டு ஸ்டீரியோப் பெட்டிகளின் மேல் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ (ஊதிப் பெருக்கிய உச்ச வாட்ஸ்) என்று அச்சிட்டு விற்ற காலத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இசைக்கருவிக் கடைகளில் அந்த அளவுக்கு இல்லையென்றாலும், ஒரு நொடி மட்டும் எட்டக்கூடிய உச்ச அளவையும், தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் அளவையும் குழப்பிச் சொல்வது இன்றும் நடக்கிறது. எண் உண்மையானதாகவே இருந்தாலும் நம் காது அதை வேறு விதமாகவே எடுத்துக்கொள்கிறது. 100 வாட்ஸை 200 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். சற்றுக் கூடியிருக்கிறது என்று தெரியும், அவ்வளவே. கேட்பவருக்கு ஏறத்தாழ இரு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும். இன்னொரு பக்கம், ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு ஸ்பீக்கர் 93 டெசிபலும் மற்றொன்று 99 டெசிபலும் தரலாம். அந்த 6 டெசிபல் வித்தியாசம் நான்கு மடங்கு வாட்ஸுக்குச் சமம். ஆகவே, நல்ல ஸ்பீக்கருள்ள 100 வாட்ஸ் காம்போவும் மந்தமான ஸ்பீக்கருள்ள 400 வாட்ஸ் காம்போவும் மேடையில் ஒரே அளவில் ஒலிப்பது வியப்பே அல்ல.

இதோடு சேர்ந்து வரும் மற்றொரு நம்பிக்கை, 15 அங்குல ஸ்பீக்கர் என்றால் ஆழமாக ஒலிக்கும், 10 அங்குலம் என்றால் கீச்சென்று இருக்கும் என்பது. ஆழத்தைத் தீர்மானிப்பது ஸ்பீக்கரின் அகலம் மட்டுமல்ல. அது அமர்ந்திருக்கும் பெட்டியின் கொள்ளளவும், பெட்டி மூடியதா துளை விட்டதா என்பதும், கோன் எவ்வளவு தூரம் நகரும் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ராக் மேடைகளில் பல பத்தாண்டுகளாக நின்ற ஆம்பெக் எஸ்விடி ஆம்பின் பெரிய பெட்டிக்குள் இருப்பவை எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் என்பதை நினைத்துப் பார்க்கலாம். சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த மின்சாரத்தில் உரத்த சத்தம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்காது. இரண்டைப் பெற மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். இக்காலத்துச் சிறு காம்போக்கள் சத்தத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கு, எடை குறைந்த கிளாஸ் டி ஆம்பிளிபையர்களிலிருந்து வாட்ஸை அள்ளிக் கொட்டுவதுதான் காரணம். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். இளவயதில் முப்பது கிலோவுக்கு மேல் கனக்கும் பெட்டியை மண்டபத்து மாடிப்படிகளில் ஏற்றி இறக்கிய என் முதுகுக்கு, இன்று பத்துப் பதினைந்து கிலோவில் மேடைக்கேற்ற காம்போ கிடைப்பது பெரிய ஆறுதல்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? எங்கே வாசிக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் பழகுவதற்கு மட்டும் என்றால் 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கரும் 15 முதல் 40 வாட்ஸும் போதுமானவை; ஹெட்போன் மாட்டும் வசதியும், கைப்பேசியிலிருந்து பாடலை ஓடவிட்டுக் கூடவே வாசிக்கும் வசதியும் இருந்தால் பக்கத்து வீட்டாருடன் சண்டை வராது. இவ்வளவு சிறிய ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸை முழுமையாக எழுப்பாது என்றாலும், அதன் மேல்சுரங்களைக் கேட்டே நம் மூளை அடிச்சுரத்தை நிரப்பிக்கொள்வதால், பழகுகிறவருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. அசலான டிரம்ஸுடன் வாசிப்பதாக இருந்து, மைக் செட்டில் பேஸைச் சேர்க்க வழி இல்லையென்றால், என் அனுபவத்தில் 200 வாட்ஸுக்குக் கீழே இறங்குவது வீண். அதற்குக் கீழே, டிரம்ஸ்காரர் சற்று உற்சாகமானாலும் நம் ஒலி உடைந்து கரகரக்கத் தொடங்கிவிடும்.

ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலும் நடப்பது மூன்றாவது வகை. ஆலயத்திலும் கல்யாண மண்டபத்திலும் கோயில் கொடை மேடையிலும் மைக் செட்டுக்காரரின் மிக்சர் (எல்லா ஒலிகளையும் கலந்து அனுப்பும் கருவி) இருக்கவே செய்கிறது. அங்கே கூட்டத்துக்கு ஒலியைக் கொண்டுசேர்ப்பது பெரிய ஸ்பீக்கர்களின் வேலை. காம்போவின் வேலை, வாசிப்பவருக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்கச் செய்வது மட்டுமே. இதற்கு 40 முதல் 100 வாட்ஸ் வரை தாராளம். ஆனால் அதன் பின்புறத்தில் மிக்சருக்கு நேராகச் செல்லும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் வெளியீடு, அதாவது டிஐ, கட்டாயம் இருக்க வேண்டும். விலைப்பட்டியலில் ஒரு படி கீழே இருக்கும் காம்போக்களில் இதைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, பெண்டர் ரம்பிள் வரிசையில் 25 வாட்ஸ் காம்போவில் அது கிடையாது; 40 வாட்ஸில் உண்டு. இந்த ஓர் அங்கம் இல்லாததால், ஆம்புக்கு முன்னால் பாடகரின் மைக்கை நிறுத்திவைத்து, அது பேஸோடு கூட டிரம்ஸையும் தபேலாவையும் இழுத்துப் போட்ட கச்சேரிகள் எத்தனையோ.

ஒலியைத் திருகிச் சரிசெய்யும் கைப்பிடிகளைப் பொறுத்தவரை, பேஸ் (தாழ்ந்த ஒலி), டிரெபிள் (உயர்ந்த ஒலி) என்ற இரண்டோடு நின்றுவிடும் ஆம்பைத் தவிர்க்கலாம். நடு ஒலிகளுக்கான மிட் கைப்பிடி இன்றியமையாதது. ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் இன்னும் நல்லது. நம் மண்டபங்கள் கான்கிரீட்டும் டைல்ஸும் ஆனவை. மேடைகளோ பல நேரங்களில் உள்ளே வெற்றிடமுள்ள பலகை மேடைகள். ஆம்பைச் சுவர் மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலிகள் பெருகி, ஏதோ ஒரு சுரம் மட்டும் மேடையையே அதிரவைக்கும், மற்றவை காணாமல் போகும். அங்கே பேஸ் கைப்பிடியைத் திருகுவது நோயைக் கூட்டும். பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தி, நாற்காலி உயரத்துக்குத் தூக்கி, 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள நடு ஒலிகளைச் சற்றுக் கூட்டினால், விரல்கள் என்ன வாசிக்கின்றன என்பது தெளிவாகக் கேட்கும்.

ஓம்ஸ் கணக்கையும், அதாவது ஸ்பீக்கர்கள் ஆம்புக்குத் தரும் மின்தடையின் அளவையும், ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பெயரிலேயே 500 என்று இருக்கும் ரம்பிள் காம்போ தன் சொந்த ஸ்பீக்கர்களில் தருவது 350 வாட்ஸ்தான். வெளியே இன்னொரு 8 ஓம்ஸ் பெட்டியைச் சேர்த்து மொத்தச் சுமையை 4 ஓம்ஸ் ஆக்கும்போதே 500 வருகிறது. இது ஏமாற்று அல்ல, பின்பலகையிலும் கையேட்டிலும் எழுதியிருப்பதே. படிக்காமல் வாங்குகிறவர்தான் ஏமாறுகிறார்.

கடைக்குப் போகும்போது சொந்தப் பேஸையும் கேபிளையும் எடுத்துச் செல்ல வேண்டும். கைப்பிடிகள் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்திவிட்டு, திறந்த அடித்தந்தியில் தொடங்கி ஒவ்வொரு கட்டையாக ஏறி, எந்தச் சுரம் விழுங்கப்படுகிறது, எது மட்டும் முட்டி நிற்கிறது என்று கேட்க வேண்டும். பிறகு நண்பரிடம் பேஸைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று கேட்பது அவசியம். அடித்தந்தியின் ஒலியலை எட்டு மீட்டருக்கும் மேல் நீளமானது என்பதாலும், கடையின் சுவர்கள் அதைத் திருப்பி அனுப்புவதாலும், ஆம்புக்கு மேல் குனிந்து நின்று கேட்பது ஒன்று, எட்ட நின்று கேட்பது வேறொன்று. ஐந்து தந்திப் பேஸ் என்றால் அடித்தந்தி 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுவதால் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். சத்தமாக வைத்துப் பார்க்க அனுமதிக்காத கடையில் வாங்காமல் வந்துவிடலாம்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்லும் வழக்கம் பெருகியிருப்பதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. இரண்டையும் ஏற்பதாகப் பின்பலகையில் எழுதியிருந்தால் ஒழிய, அந்த ஆம்பை நம் சுவரில் மாட்டிய கணத்தில் பழுதாகிவிடும்.

கடைசியாக, தங்கள் கட்டுரை தொடவே தொடாத எர்த் விஷயம். பேஸின் தந்திகள் கேபிள் வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்துடனும், அதன் வழியாக மூன்றுமுனைப் பிளக்கின் பெரிய முனையுடனும் இணைந்தவை. மேடையில் இரைச்சல் வருகிறது என்பதற்காக அந்த எர்த் முனையைக் கழற்றிவிடுவதையும், இரண்டுமுனைப் பிளக்காக மாற்றிவிடுவதையும் நான் வாரந்தோறும் பார்க்கிறேன். ஆம்புக்குள் ஒரு சிறு பழுது ஏற்பட்டாலும் அப்போது மின்சாரம் தந்திகளுக்கு வந்துவிடும். தந்தியில் கைவைத்தபடி மைக்கில் உதடு பட்டால் அது உடல் வழியாகப் பாயும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கொடை மேடையில், ஜெனரேட்டர் மின்சாரத்தில், இதே விதமாக நான் தூக்கி எறியப்பட்டேன். இடது கையின் விறைப்பு நீங்க ஒரு வாரம் ஆனது. 1972-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். இரைச்சலை நீக்க டிஐ வெளியீட்டின் அருகிலேயே கிரவுண்ட் லிப்ட் என்ற சுவிட்சைப் பல ஆம்ப்களில் வைத்திருக்கிறார்கள். அது ஒலிக் கேபிளின் இணைப்பை மட்டுமே பிரிக்கும், மின் பாதுகாப்பைத் தொடாது. ஆம்ப் வாங்கும்போது அந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்கவும், மேடையில் ஆம்பையும் மிக்சரையும் எர்த் உள்ள ஒரே பலகையிலிருந்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக மாட்டவும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும்.

கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சிகள் தொடங்கும் நவம்பரில்தான் எங்கள் பகுதியில் ஆலயங்களும் குடும்பங்களும் ஆம்ப் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். அதற்கு முன்பாக, பேஸ் ஆம்ப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்துக்குத் திருத்தமும், எர்த் பற்றிய எச்சரிக்கையும் அதே ஞாயிறு இணைப்பில் வெளியாகுமாறு ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பேஸ் கிட்டார் வாசிக்கும் வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.