எண்ணி முடியாத நாட்டிலிருந்து

கின்ஷாசா,
ஞாயிறு மாலை

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்க நாலு வரி, மகள் கல்யாணப் பேச்சுக்கு இரண்டு வரி, மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணி தலையில் விழுந்த வயிற்றெரிச்சலுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். 2011இல் நீ பட்ட பாடு எனக்கும் நினைவிருக்கிறது. பூட்டிக் கிடந்த ஒரே வீட்டுக்கு நான்கு முறை நடந்தாய். ரேஷன் அட்டைக்குத்தான் பெயர் எழுதுகிறாய் என்று நினைத்து, ஒரு பாட்டி காலமான தாத்தாவையும் சேர்த்துச் சொன்னாள். இப்போது மறுபடியும் அதே தெரு, அதே நாய்கள். புலம்பு, உனக்கு உரிமை உண்டு.

ஆனால் புலம்பி முடித்துக் கடைசியில் போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய் பார், அதுதான் ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் காங்கோவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டானாம். பள்ளிக்கூடத்து அட்லஸில் ஓர் எண், அவன் அப்பாவின் கைபேசியில் வேறோர் எண். நீயும், "என் கூட்டாளி அங்கேதான் கணக்கெழுதுகிறான், கேட்டுச் சொல்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாய். நன்றாக மாட்டிவிட்டாய் என்னை.

பதில் சுருக்கமானது: யாருக்கும் தெரியாது. இதை மட்டும் போய்ச் சொன்னால் வாத்தியார் சமாளிக்கிறார் என்று பையன் நினைப்பான். அதனால் விரித்தே எழுதுகிறேன்.

முதலில், எந்தக் காங்கோ என்று அவனைக் கேள். இரண்டு இருக்கின்றன. நான் இருப்பது பெரியது, காங்கோ ஜனநாயகக் குடியரசு. நாம் படித்த காலத்துப் புத்தகத்தில் ஜைர் என்று இருந்ததே, அது இதுதான். 1971 முதல் 1997 வரை அந்தப் பெயர். எங்கள் கிடங்குக்குப் பின்னால் ஆற்றங்கரையில் நின்றால் எதிர்க்கரையில் மற்றக் காங்கோவின் தலைநகரான பிரஸ்ஸாவில் தெரியும். விசைப்படகு சில நிமிடங்களில் போய்விடும், ஆனால் தாள்களில் முத்திரை வாங்குவதற்குள் அரை நாள் கழிந்துவிடும். இரண்டு தலைநகரங்கள் முகம் பார்த்து நிற்கின்றன, நடுவே இன்னும் ஒரு பாலம் இல்லை.

இங்கே மக்களைக் கடைசியாக முழுமையாக எண்ணியது 1984இல். அப்போது சுமார் 3 கோடிப் பேர். அதன் பிறகு அடுத்த கணக்கெடுப்பு இதோ என்று எத்தனையோ முறை அறிவித்தார்கள், அத்தனை முறையும் தள்ளிப்போனது. இன்று 10 கோடியைத் தாண்டி 11 கோடியை ஒட்டி இருக்கும் என்கிறது ஐ.நா. மதிப்பீடு. 1984ஆம் ஆண்டு எண்ணை அசலாக வைத்துக்கொண்டு, பிறப்பு இவ்வளவு, இறப்பு இவ்வளவு என்று ஊகித்து நாற்பது ஆண்டுக்குக் கூட்டு வட்டி போட்டால் வருவது அது. வட்டிக் கணக்கு என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன்: விகிதத்தில் அரை சதவீதம் பிசகினால் போதும், நாற்பதாவது ஆண்டில் இரண்டு கோடிப் பேர் கூடிவிடுவார்கள், அல்லது காணாமற்போவார்கள். இரண்டு கோடி என்பது ஒரு கின்ஷாசாவைவிடப் பெரியது. அந்த கின்ஷாசாவிலாவது எத்தனை பேர் என்று கேட்டுவிடாதே. ஒன்றரைக் கோடிக்கு மேல் என்பதுதான் எல்லோரும் தோராயமாகச் சொல்வது.

இதில் என் சொந்தக் கஷ்டமும் உண்டு. நாங்கள் உப்பும் சோப்பும் இறக்குமதி செய்து உள்ளூர்களுக்கு அனுப்புகிறோம். எம்புஜி-மாயிக்கு மாதம் எத்தனை மூட்டை உப்பு போகவேண்டும் என்று முதலாளி கேட்டால், அந்த ஊரில் எத்தனை வாய் என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்? நான் பார்த்த இரண்டு அறிக்கைகளில் ஓர் எண் மற்றதைப் போல இரு மடங்கு. கடைசியில் தலைகீழாகப் போட ஆரம்பித்தேன். உப்பு விற்பதை வைத்து மக்களைக் கணக்கிடுகிறேன். சோப்பு ஏமாற்றும், பணம் இல்லாத மாதத்தில் குறைந்துவிடும். உப்பு பெரும்பாலும் பொய் சொல்வதில்லை.

அரசாங்கமும் மற்றவர்களும் செய்வது இதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை என்று பிறகுதான் புரிந்தது. சொட்டு மருந்து கொடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை எண்ணுகிறார்கள். கொசுவலை கொடுப்பவர்கள் வீடுகளை எண்ணுகிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் கூரைகளை எண்ணி, கூரைக்கு இத்தனை பேர் என்று பெருக்குகிறார்கள். 2023 தேர்தலுக்கு ஏறத்தாழ 4.4 கோடிப் பேர் வாக்காளராகப் பதிந்தார்கள். இங்கே கையில் அடையாள அட்டை என்று பலருக்கும் இருப்பது அந்த வாக்காளர் அட்டைதான், அதனால் ஆர்வமாகவே பதிகிறார்கள். ஆனால் மக்களில் பாதிப்பேர் பதினெட்டு வயதுக்குக் கீழே. அவர்களை அந்த அட்டை எப்படிப் பிடிக்கும்?

ஏன் எண்ண முடியவில்லை என்று பையன் கேட்பான். சுவரில் வரைபடத்தை மாட்டு. பரப்பு 23.45 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆப்பிரிக்காவில் அல்ஜீரியாவுக்கு அடுத்தது. இந்தியாவைப் பத்துப் பங்காக வெட்டினால் ஏழு பங்கு. சுற்றிலும் ஒன்பது நாடுகள். இவ்வளவு பெரிய உடம்புக்குக் கடற்கரை நாற்பது கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. பெரிய பானைக்குச் சின்ன வாய்.

நிலத்தின் வடிவமும் பாத்திரம்தான். நடுவில் தாழ்ந்த காடு, நில நடுக்கோடு அதன் மேலேயே ஓடுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கிண்ணம் என்ற பொருளில் கூவெட் என்கிறார்கள். விளிம்புகள் உயர்ந்தவை. கிழக்கு விளிம்பில் 5,109 மீட்டர் உயர ருவென்சோரிச் சிகரத்தில், நடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில், பனி கிடக்கிறது. அதற்குத் தெற்கே நியிராகோங்கோ எரிமலை. 2002இல் அதன் குழம்பு கோமா ஊருக்குள்ளேயே ஓடியது, 2021இல் ஊரின் ஓரத்துக்கு வந்து நின்றது. தெற்கு விளிம்பு கட்டங்கா பீடபூமி, செம்பும் கோபால்ட்டும் விளைகிற பூமி. உன் பையனின் அப்பா வைத்திருக்கும் கைபேசி பாட்டரியிலும் அந்த மண் இருக்கலாம், ஏனென்றால் உலகம் தோண்டும் கோபால்ட்டில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது. 1961இல் ஐ.நா. படையோடு வந்த நம் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா உயிரைவிட்டதும் அந்தக் கட்டங்காவில்தான். பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள். உன் பாடத்தில் இருக்கிறதா, சேர்த்துச் சொல்.

மக்கள் இருப்பது விளிம்புகளில். நடுக்காட்டில் மிகக் குறைவு. இலையின் ஓரங்களில் எல்லாம் பரிமாறிவிட்டு நடுவை வெறுமையாக விட்டது போல. கிழக்கே கிவு மலைச்சரிவுகளில் கைப்பிடி நிலம் சும்மா கிடக்காது. மேற்கு ஓரத்தில் கின்ஷாசா, நடுத் தெற்கில் கசாய் புல்வெளி ஊர்கள், தெற்குக் கோடியில் லுபும்பாஷி. ஒவ்வொரு விளிம்பும் அந்தந்தப் பக்கத்து அண்டை நாட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. லுபும்பாஷிக்குச் சரக்கு ஜாம்பியா வழியாக வரும், கோமாவுக்குக் கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து வரும், எங்களுக்கு மட்டாடித் துறைமுகம். மேற்கே லிங்காலா பேசுகிறார்கள், கிழக்கே சுவாஹிலி, கசாயில் சிலுபா, மட்டாடிப் பக்கம் கிகோங்கோ. இந்த நான்கும் தேசிய மொழிகள், அலுவல் மொழி பிரெஞ்சு, வீட்டு மொழிகள் இருநூறுக்கு மேல். கடிகாரமே இரண்டு. எங்கள் லுபும்பாஷிக் கிளைக்காரர் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறார், அதனால் நாங்கள் காலைச் சாப்பாட்டை முடிப்பதற்குள் அவரிடமிருந்து மூன்று முறை தொலைபேசி வந்துவிடும்.

இந்த ஓரங்களைச் சேர்த்துக் கட்டச் சாலை இல்லை. இருப்பதெல்லாம் காங்கோ ஆறு.

வாத்தியாரே, அந்த ஆற்றைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் முடியாது. தெற்கே லுவலாபா என்ற பெயரில் புறப்பட்டு வடக்கே போகிறது, நடுக்கோட்டைக் கடக்கிறது, மேற்கே வளைகிறது, எம்பண்டாக்கா ஊர்ப் பக்கத்தில் மறுபடி நடுக்கோட்டைக் கடந்து தென்மேற்கே இறங்குகிறது. மொத்தம் ஏறத்தாழ 4,700 கிலோமீட்டர். சில இடங்களில் 200 மீட்டருக்கு மேல் ஆழம், உலகில் இவ்வளவு ஆழமான ஆறு வேறில்லை. நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் கிளைகள் இருப்பதால், ஒரு பக்கம் வறண்டால் மறுபக்கம் மழை பெய்துகொண்டிருக்கும். காவிரியைப் போல ஆடிக்கு ஒரு முகம், மாசிக்கு ஒரு முகம் என்று காட்டாது. ஆனால் 2024 ஜனவரியில் 1961க்குப் பிறகு காணாத அளவுக்கு ஏறி, கரையோரப் பேட்டைகளை மூழ்கடித்தது. இங்கே கின்ஷாசாவில் ஆகாயத்தாமரைக் கூட்டம் தீவு தீவாக மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலைப் பொழுதைக் கழித்துவிடலாம்.

கின்ஷாசாவிலிருந்து கிசாங்கானி வரை சுமார் 1,700 கிலோமீட்டர் படகு போகும். போகும் என்றால், மணல்திட்டு அனுமதித்தால். போன வருடம் எங்கள் உப்பு ஏற்றிய தட்டைப்படகு ஒன்று திட்டில் ஏறிப் பதினோரு நாள் அசையவில்லை. மேலே இருந்த பயணிகள் அடுப்பு மூட்டி, ஆடு கட்டி, சுட்ட மீன் விற்று ஒரு குக்கிராமமே நடத்தியிருக்கிறார்கள். எங்கள் உப்பில் கால்வாசி மழையில் கரைந்தது. நட்டக் கணக்கில் "ஆற்றில் கரைந்தது" என்று எழுதியபோது பழமொழியை ஆவணமாக்கிய முதல் கணக்கன் நான்தான் என்று தோன்றியது.

ஒரு விசித்திரம் சொல்கிறேன், பையன்களுக்குப் பிடிக்கும். ஆற்றுக்கு வடக்கே சிம்பன்சி, தெற்கே பொனோபோ. இரண்டும் ஒரே மூதாதையின் பிள்ளைகள், இரண்டுக்கும் நீந்தத் தெரியாது. ஆறு நடுவே படுத்துக்கொண்டதால் பல லட்சம் ஆண்டுகளில் இரண்டு இனங்களாகவே பிரிந்துவிட்டன.

கின்ஷாசாவுக்குக் கீழே அந்த ஆறு பல அருவிகளாக உடைந்து இறங்குகிறது. போர்த்துக்கீசியர் 1482இலேயே முகத்துவாரத்தைப் பார்த்துவிட்டார்கள், ஆனால் அந்த அருவிகளைத் தாண்டி உள்ளே வர வெள்ளைக்காரனுக்கு நானூறு ஆண்டு பிடித்தது. கடைசியில் 1877இல் ஸ்டான்லி என்ற ஆய்வுப் பயணி கிழக்கே இருந்து, அதாவது கொல்லைப்புறமாக வந்துதான் கடலைத் தொட்டார். அருவிகளைச் சுற்றி மட்டாடியிலிருந்து 1898இல் ரயில் பாதை முடிந்தது. கட்டியபோது மாண்டவர்கள் அவர்கள் ஒப்புக்கொண்ட கணக்கிலேயே 1,900ஐத் தாண்டும். அதே அருவிகளில் இங்கா என்ற இடத்தில் இரண்டு மின் நிலையங்கள் இருக்கின்றன, 1972இலும் 1982இலும் வந்தவை. முழுதாகக் கட்டினால் 40,000 மெகாவாட் கிடைக்குமாம். இந்த வரியை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வீட்டுக்குத்தான் மின்சாரம், அந்த ஒருவனுக்கும் நாள் முழுக்க இல்லை.

எண்ணாமல் விட்டதில் எனக்கு வேடிக்கை தோன்றாத இடம் ஒன்று உண்டு. 1885 முதல் 1908 வரை இந்த நாடு முழுவதும் பெல்ஜிய அரசர் லியோபோல்டின் சொந்தச் சொத்து. ரப்பருக்காகக் கிராமங்களைக் கசக்கினார்கள். எத்தனை பேர் மாண்டார்கள்? ஒரு கோடி வரை சொல்கிறவர்கள் உண்டு, அவ்வளவு இல்லை என்பவர்களும் உண்டு. முன்னால் எண்ணியிருந்தால்தானே பின்னால் கழிக்க முடியும்? நூறு ஆண்டு கழித்து அதே கதை. 1998இல் தொடங்கிய போரிலும் அதன் பின்விளைவான பசியிலும் நோயிலும் 54 லட்சம் பேர் போனார்கள் என்று ஒரு நிவாரண அமைப்பு கணக்கிட்டது. மற்ற ஆய்வாளர்கள், போர் இல்லாவிட்டாலும் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்ற அடிப்படை எண்ணே தவறு என்று வாதாடினார்கள். லட்சக்கணக்கான மனிதர்கள் அசலா வட்டியா என்று சச்சரவு. இரண்டு அறிக்கைகளையும் நான் கணக்கன் புத்தியோடு படித்தேன், பிறகு சாப்பிட முடியவில்லை. 2025 ஜனவரியில் கோமா கிளர்ச்சிக்காரர்கள் கைக்குப் போனது. கிழக்கே வீடுவாசலை விட்டு ஓடிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கானோரை எந்தத் தெருவில் வைத்து எண்ணுவாய்?

சரி, வயிற்றுக்கு வருகிறேன். நம் குச்சிக்கிழங்குதான் இங்கே அரிசி. ஊறவைத்து, காயவைத்து, இடித்து, மாவாக்கிக் களி கிண்டுகிறார்கள். ஃபுஃபு என்று பெயர். அதைவிட ஆச்சரியம், கிழங்கின் இலையையும் தின்கிறார்கள். ஆடு மேய்ந்தால் செத்துவிடும் என்று நாம் சின்ன வயதில் கம்போடு காவல் காத்தோமே, அதே இலை. இடித்து, மணிக்கணக்காக வேகவைத்து, செம்பனை எண்ணெய் ஊற்றினால் போண்டு. முதல் வருடம் தொடவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை அது இல்லாவிட்டால் கோபம் வருகிறது. அதை விற்கும் அம்மாளை நானும் மாமான் என்றுதான் கூப்பிடுகிறேன். வயதில் மூத்த பெண்ணெல்லாம் மாமான், ஆணெல்லாம் பாபா. நம் ஊரில் அம்மா, ஐயா என்பது போலத்தான்.

பையனிடம் பத்துக் கோடிக்கு மேல் என்று சொல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடச் சொல். இந்தக் கடிதத்தை ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கடைசியாக ஓர் உதவி. உன் சுற்றில் எங்கள் தெருவும் வருகிறது என்று எழுதியிருந்தாய். அம்மா வீட்டில் இருப்பாள். என் மகனையும் சேர்த்து எழுதப்பா என்பாள். எண்ணுகிற காலம் முழுக்க ஊரில் இல்லாதவனைச் சேர்க்கக்கூடாது என்ற விதி உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இங்கும் என்னை யாரும் எண்ணப்போவதில்லை. நீ சேர்க்காதே. ஆனால் இந்த முறை எல்லாம் கைபேசியில்தானாமே. அவள் பார்க்கும்படி திரையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போ.

உன்
கணக்குப்பிள்ளை