ஆய்வேட்டின் நன்றியுரையில் பெயர் வராதவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஆய்வேடு எழுதுகிறவர்கள் அதன் முன்பக்கங்களில் ஒரு நன்றியுரை எழுத வேண்டும். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மேற்பார்வையாளர், பிறகு துறைத்தலைவர், நூலகர், பெற்றோர், கடைசியில் "மற்றும் பல வழிகளிலும் உதவிய அனைவருக்கும்". நானும் அந்த ஒழுங்கை மீறவில்லை. முதுதத்துவமாணிப் பட்டத்துக்குக் கொடுக்கிற ஏட்டில் மச்சாளின் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதினால் பரீட்சகர்கள் என்ன நினைப்பார்களோ! ஆனால் அந்த 'அனைவர்' யார் யார் என்று எனக்குத் தெரியும். வாய்மொழிப் பரீட்சை முடிந்து, திருத்தங்களும் ஏற்கப்பட்டு, அட்டை கட்டிய பிரதிகளை வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், ஒப்படைத்தாகிவிட்டது. இனி ஒழுங்கு பார்க்கத் தேவையில்லை.

நான் என்ன படிக்கிறேன் என்று சரியாகத் தெரியாமலே எனக்குச் சோறு போட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துக் கூத்து விடிய விடிய ஆடுவது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துப் பழக்குகிற மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு மாணவர்களைப் பழக்கி, அதைச் சில மணிநேரத்துக்குள் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார். படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியதில் அந்த முயற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது பாடசாலைப் போட்டிகளில் அது இன்னும் குறுகி நிமிடக்கணக்கில் வந்து நிற்கிறது. இப்படிச் சுருக்கும்போது எது போகிறது, எது தங்குகிறது என்பதுதான் என் கேள்வி. கதை தங்குகிறது, சண்டை தங்குகிறது. பாத்திரங்கள் முதலில் வரும்போது ஆடுகிற வரவாட்டம் போகிறது. ஒரே தருவை, அதாவது பாட்டை, பிற்பாட்டுக்காரர் திரும்பத் திரும்ப எடுத்துப் பாடுவது போகிறது. சாமத்தில் ஆட்டக்காரரின் மாமி கூத்தாடுகிற களரிக்குள் இறங்கி மருமகனுக்குச் சால்வை போடுவதும் போகிறது. மிச்சத்தை ஏட்டில் பார்க்கலாம், பொறுமை இருந்தால்.

முதல் நன்றி அண்ணாவியாருக்கு. ஐயா, நான் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து நின்றபோது, "அத உள்ள வை புள்ள. சட்டங் குடுக்கிற நாளைக்கு வா, பிறகு கதைப்பம்" என்றீர்கள். அன்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்த்துப் பாட்டைக் கையில் கொடுக்கிற அந்த நாளில் தொடங்கி, ஆட்டம் பழகி, கிழமைக்கூத்து ஆடி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அரங்கேற்றம் வரை போக மாதங்கள் ஆகும். எல்லாம் பார்த்து முடிந்தபோது, நான் எழுதி வைத்திருந்த கேள்விப் பட்டியலில் பாதிக்குமேல் விடை கேட்காமலே கிடைத்திருந்தது. இதை ஆய்வு முறையியல் அத்தியாயத்தில் 'பங்கேற்பு அவதானம்' என்று எழுதியிருக்கிறேன். அந்த முறையைச் சொல்லித் தந்தது நீங்கள்தான்.

கொப்பி பார்க்கிற, அதாவது ஆடுகிறவர்களுக்குப் பாட்டை எடுத்துக் கொடுக்கிற, பெரியப்பாவுக்கும் அவருடைய வீட்டுக்காரிக்கும் அடுத்த நன்றி. முழுக் கூத்தும் எழுதிய அந்தச் சீ.ஆர். கொப்பியை அவர் வெளியே கொடுக்க மாட்டார். கொடுக்கவும் கூடாது. வெள்ளத்தில் நனைந்து காய்ந்து, பக்கங்கள் அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தன. அதனால் அவருடைய திண்ணையில் இருந்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தேன். எழுத்து அழிந்த இடங்களில் அவர் பாடிக் காட்டினார், நான் எழுதிக்கொண்டேன். பெரியம்மா பிட்டும் எருமைத் தயிரும் தந்தா. படம் எடுத்த கையோடு சாப்பிடக் கூடாது என்று கை கழுவ வைத்ததும் அவதான்.

இரவில் ஆடுகிற கூத்துக்குப் பெண்பிள்ளை தனியாகப் போவதா என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் வந்தது. அம்மா அதற்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டா. நான் குறிப்பெடுக்க, அவ பார்த்துக்கொண்டே இருந்தா. விடிய வீட்டுக்கு வரும்போது, யார் எந்த இடத்தில் தாளம் தப்பினார், யாருடைய கரப்புடுப்பு (கூத்து உடுப்பு) சரியாகக் கட்டவில்லை என்று வழிநெடுகச் சொல்லுவா. அவவுடைய தம்பி இளமையில் வடமோடிக் கூத்து ஆடியவராம். அம்மாவுக்கு அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடம் என்பது எனக்கு இந்த ஆய்வால்தான் தெரியவந்தது. நான்காம் அத்தியாயத்தில் 'பார்வையாளர் ஒருவர்' என்று வருகிற இடமெல்லாம் என் அம்மா.

மச்சாள், உன் பைக்குக்கு வருகிறேன். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குள் ஊர் ஊராகப் போக பஸ்ஸை நம்ப ஏலாது. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்வருவது எவ்வளவோ சுகம். அதற்கு முன்னர் அங்கேயும் 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கு அப்படிப் பாதையில் போன நாட்களும் எனக்கு உண்டு, வாவிக் காற்றுக்காக அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் 2022 இல் பெற்றோல் இல்லாமல் போனபோது எல்லாமே நின்றது. கியூ.ஆர். அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர் என்றார்கள். அந்த 4 லீட்டரில் நீ வேலைக்கும் போய், மிச்சத்தில் என்னையும் கன்னங்குடா வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனாய். எப்படிக் கணக்குப் பார்த்தாய் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த வருடம் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணிநேரம்கூடக் கரண்ட் இல்லை. சோலர் இருந்த பக்கத்து வீட்டு அண்ணன் என் லப்டொப்பைத் தன் போனுக்கு முன்னால் சார்ஜ் போட அனுமதித்தார். அண்ணன், மூன்றாம் அத்தியாயம் உங்கள் வெயிலில் எழுதியது.

2020 ஊரடங்கில் நூலகங்கள் பூட்டிக் கிடந்தபோது எனக்குக் கைகொடுத்தது 'நூலகம்' என்ற இணைய நூலகம். 2005 இல் தொடங்கியது அது. அங்கே பழைய சிறப்பு மலர்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து ஏற்றிய தன்னார்வலர்களை எனக்கு முகம் தெரியாது. ஒரு கோயில் கும்பாபிஷேக மலரை யாரோ மெனக்கெட்டு ஏற்றி வைத்திருக்கிறார், அதில் எனக்குத் தேவையான ஒரு கட்டுரை. வாழ்க.

செங்கலடியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் தம்பியை விட்டுவிட்டால் பாவம். நான் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பாட்டுக்களை யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் இடம் மாறி, அரசர்கள் எல்லாம் வேறு பாசை பேசினார்கள். கடை பூட்டிய பிறகும் இருந்து அதைச் சரிசெய்து தந்தான். முன்பக்கங்களுக்கு ரோமன் இலக்கம், அத்தியாயங்களுக்கு எண் என்று பக்க இலக்கம் போடுகிற வித்தையைப் பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. தம்பி கற்றுத் தந்தான்.

ஏட்டைக் கொடுத்த பிறகு வந்த மாதங்கள்தான் பெரும்பாடு. என் கோப்பு ஒரு மேசையில் நெடுநாள் உறங்கியது. எந்த மேசை என்று சொல்லப் போவதில்லை. படிக்க ஒன்றும் இல்லை, எழுத ஒன்றும் இல்லை, வேலையும் இல்லை. அந்த நாட்களில் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு படம் பார்க்க வைத்தவர்களுக்கு உண்மையில் தனி மடல் எழுத வேண்டும்.

'டிராகன்' படத்துக்கு என் தம்பியோடு போனேன். 48 அரியரோடு கல்லூரியை விட்டுப்போன ஒருவன், போலிச் சான்றிதழ் காட்டிப் பெரிய சம்பளத்தில் இருக்கிறான். பிறகு பிடிபட்டு, திரும்பவும் கல்லூரிக்குப் போய்ப் பரீட்சை எழுதுகிறான். இடைவேளையில் தம்பி என்னைப் பார்த்து, "அவனிட்ட பட்டம் இல்ல, வேலை இரிக்கி. உன்னட்ட ரெண்டு பட்டம் இரிக்கி" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். சிரித்த சிரிப்பில் பின்வரிசைக்காரர் அதட்டினார். அந்தப் படம் கடைசியில் நல்லபிள்ளையாக மாறுவது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு அப்படிச் சிரித்தது போதும்.

'டூரிஸ்ட் ஃபேமிலி'க்குக் குடும்பமே வான் பிடித்துப் போனது. 2022 நெருக்கடியில் இங்கே வாழ வழியில்லாமல் படகேறிச் சென்னைக்குப் போகிற குடும்பத்தின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் இலங்கைத் தமிழ் பேசுகிறார்கள், அதை மறைக்கவும் படாதபாடு படுகிறார்கள். சின்னம்மா பாதிப் படத்தில் என் காதுக்குள், "இது யாழ்ப்பாணத்துப் பேச்செல்லவாகா, நம்மட பேச்ச எப்ப படத்துல எடுப்பாங்க?" என்று கேட்டா. நியாயமான கேள்வி. அந்தக் காலனியில் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவது கொஞ்சம் அதிகம்தான். எங்கள் ஒழுங்கையில் இருந்து அதே வருடம் கிளம்பியவர்கள் கடவுச்சீட்டு வரிசையில் நின்று போனார்கள். அவர்கள் போன இடத்தில் அப்படி ஒரு காலனி வாய்த்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் அம்மா அழுதா, மாமா அழுதார், வானில் திரும்பி வரும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். அத்தனை சத்தம் எங்கள் வீட்டில் கேட்டு எவ்வளவோ காலம்.

ஆனால் என் ஆய்வுக்கே உதவிய படம் 'மெய்யழகன்'. 2024 செப்டெம்பரில் வந்த படம், எங்கள் வீட்டுக்கு அது பிந்தித்தான் வந்து சேர்ந்தது. ஊரைவிட்டுப் போன ஒருவர் கலியாணத்துக்குத் திரும்பி வருகிறார். தன்மேல் அவ்வளவு பாசம் காட்டுகிற உறவுக்காரனின் பெயர் அவருக்கு ஞாபகம் வருவதில்லை. இரவு முழுக்கக் கதை, கதை, கதை. நீளம் என்று பார்வையாளர் குறைப்பட, வெளியான சில நாட்களில் 18 நிமிடங்களுக்கு மேல் வெட்டினார்கள். இதை நான் வாசித்துச் சொன்னபோது பெரியம்மா, "இதுக்கென்னகா, நம்மட கூத்துல ராசா வந்து நிக்கவே இவ்வளவு நேரம் எடுக்குமே" என்றா. நான் எழுந்துபோய் அதைக் கொப்பியில் எழுதி வைத்தேன்.

வாய்மொழிப் பரீட்சையில் ஒருவர் கேட்டார்: கதைக்கு உதவாத பகுதியை வெட்டினால் என்ன நட்டம்? நான் அந்த 18 நிமிடத்தைச் சொன்னேன், பெரியம்மாவின் ராசாவையும் சொன்னேன். கதையை முன்னே தள்ளாத இடங்களில்தான் ஊர் உள்ளே வருகிறது என்று விளக்கினேன். அறை முழுக்கச் சிரிப்பு. அந்தப் பதிலை ஏட்டிலும் சேர்க்கச் சொல்லித் திருத்தம் வந்தது. பெரியம்மா, நீங்கள் இப்போது அடிக்குறிப்பில் இருக்கிறீர்கள்.

சரி, இனி என்ன? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அரசாங்க வர்த்தமானி பார்க்கிறேன். நாடகமும் அரங்கியலும் பாடத்துக்கு ஆசிரியர் நியமனம் வரலாம், வராமலும் போகலாம். வருகைதரு விரிவுரை என்றால் மணித்தியாலக் கணக்கில் காசு. 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவுக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததைப் பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டு போனவள் நான். அப்போது அது வேறு யாருடையதோ பிரச்சினை என்று தோன்றும் வயது. கனடாவில் இருக்கும் சிநேகிதி விண்ணப்பிக்கச் சொல்லித் தினமும் எழுதுகிறாள். அவளுக்கும் நன்றி, ஆனால் முடிவு எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பயமாகத்தான் இருக்கிறது.

கலியாண வீடுகளில் என்னைக் கண்டதும் "அடுத்தது என்ன?" என்று கேட்காமல் "சாப்பிட்டயா?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு, நீங்கள் சிலர்தான், விசேட நன்றி. அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. வேளாண்மை வெட்டு நெருங்கினால் "நாளைக்கு வட்டைக்கு வாறியா?" என்று வயலுக்குக் கூப்பிடுவார், அவ்வளவுதான். போனேன். வெட்டுமெஷின்காரனோடு கணக்குப் பார்க்கிற வேலை எனக்குத் தந்தார். ஆய்வை விடக் கஷ்டமான கணக்கு அது.

கடைசியாக ஒரு செய்தி. பெரியப்பாவுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டு வருகிறது. இந்த வருடக் கூத்துக்குக் கொப்பி பார்க்க அண்ணாவியார் என்னைக் கேட்டிருக்கிறார். சம்பளம் கிடையாது, சாமத்தில் பிளேன்டீ உண்டு. ஓம் என்று சொல்லிவிட்டேன். வெட்டு முடிந்து அரங்கேற்றம். திகதி அறிவிப்பார்கள். வருகிறவர்கள் பாய் கொண்டு வாருங்கள், நுளம்புக்கு ஏதாவது பூசிக்கொண்டு வாருங்கள். இடையில் எழும்பிப் போகிறவர்களை அம்மா கணக்கெடுப்பா.

நன்றியுடன்,
படுவான்கரைப் பிள்ளை