பகுதி 5 கையெழுத்து கிடைத்த பிறகும் நடக்கிறார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிப் பிள்ளைகள் உடற்பயிற்சியே செய்வதில்லை, எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறார்கள் என்று வாசகர்கள் வருத்தப்பட்டு எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். பிள்ளைகளைச் சொல்வதற்கு முன்னால் ஆசிரியர்களாகிய எங்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். நெல்லை மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளுக்கு 'பி.டி. மேடம்'.

எங்களிடம் வந்து சேரும்போதே பலருக்கு மைதானம் கசந்துபோயிருக்கும். பிளஸ் டூவில் பி.டி. பீரியடைக் கணக்கு சாரும் பிசிக்ஸ் சாரும் வாங்கிக்கொள்வது ஊரறிந்த விஷயம். அதைவிடக் கெடுதல், வீட்டுப்பாடம் எழுதாத பையனை "கிரவுண்டை நாலு ரவுண்டு சுத்திட்டு வா" என்று விரட்டுவது. ஓட்டம் என்றால் தண்டனை என்று சின்ன வயதில் மனதில் பதிந்தவனிடம், பதினெட்டு வயதில் நான் போய் ஓட்டம் நல்லது என்றால் எப்படி நம்புவான்?

கல்லூரியில் தண்டனைக்குப் பதில் கையெழுத்து வந்துவிடுகிறது. பட்டப்படிப்பில் பகுதி 5 என்று ஒன்று உண்டு. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு என ஏதாவது ஒன்றில் பெயர் கொடுத்து கிரெடிட் வாங்க வேண்டும். கையெழுத்துக்காக வருகிறவர்கள் அது கிடைத்ததும் நின்றுவிடுகிறார்கள். ஜூன் 21 யோகா தினத்தன்று வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுக்கிறோம். 22ஆம் தேதி யாரெல்லாம் பாயை விரித்தார்கள் என்று கேட்பதில்லை. அதைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நானாக விரும்பி எடுத்தது, என்னால் முடிகிறது, எனக்கென்று கூட ஆள் இருக்கிறது. இந்த மூன்று எண்ணமும் இருந்தால்தான் ஒருவர் ஒரு காரியத்தில் மனம் ஊன்றி நிற்பார் என்கிறார்கள். அவர்கள் பெயரைக் கேள்விப்படுவதற்கு முன்பே இதை என் மைதானத்தில் பார்த்திருக்கிறேன்.

காமர்ஸ் படிக்க வந்த ஒரு பெண். கொஞ்சம் கனத்த உடம்பு. பள்ளியில் ஒருவர் அவள் எடையை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தாராம், வகுப்பே சிரித்திருக்கிறது. அப்புறம் அவள் மைதானப் பக்கமே போகவில்லை. நான் அவளை ஓடச் சொல்லவில்லை. என்ன செய்து பார்க்க ஆசை என்று கேட்டேன். ரொம்ப யோசித்துவிட்டு, குண்டு எறிதல் என்றாள். பெண்களுக்கான 4 கிலோ குண்டைக் கையில் கொடுத்தேன். முதல் நாள் விழுந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டோம். மற்றவர்கள் எறிந்த தூரத்தை அவளிடம் நான் சொன்னதே இல்லை. அவள் கோட்டை அவள் தாண்டினாளா என்று மட்டும்தான் பார்ப்போம். எந்தப் போட்டியிலும் அவள் மெடல் வாங்கவில்லை. இப்போது வேலை, இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று நிறைந்த குடும்பம். "காலையில ஒரு நடை போயிட்டு வந்துதான் மேடம் அடுப்புப் பத்த வைக்கேன்" என்று போனில் சொல்வாள். கல்லூரி அலமாரியில் இருந்த கோப்பைகளைவிட இது எனக்குப் பெரிது.

இதை பி.டி. ஒருவரே செய்துவிட முடியாது. ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் கல்லூரியிலும் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். துறை ஆசிரியர் வாயில் வரும் "விளையாட்டுன்னு சுத்துனா அரியர்தான் விழும்" என்ற ஒரு சொல் போதும், நல்லா வந்துகொண்டிருந்த பிள்ளை மறுநாள் வராது. நல்ல விதமாகவும் அவர்களால் முடியும். எங்களிடம் ஒரு கெமிஸ்ட்ரி மேடம் இருந்தார். லேப் முடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவார். யாரையும் வா என்று கூப்பிட்டதில்லை. சந்தேகம் கேட்கக் கூடவே நடந்த பெண்கள் அப்படியே தினமும் நடக்க ஆரம்பித்தார்கள். அவர் வேறு ஊருக்குப் போன பிறகும் அந்தக் கூட்டம் கலையவில்லை.

பெண்பிள்ளைகளுக்கு நேரமும் ஒரு தடை. கல்லூரி பஸ் கிளம்பிவிட்டால் அப்புறம் ஊருக்குப் போக வழியில்லை, மாலைப் பயிற்சிக்கு எப்படி நிற்பார்கள்? வயதுவந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022 நிலவரப்படி இந்தியப் பெண்களில் சுமார் 57 சதவீதம் பேரும், ஆண்களில் சுமார் 42 சதவீதம் பேரும் போதிய அளவு உடலை அசைப்பதில்லை என்பதும் அவர்கள் 2024இல் சொன்ன கணக்கு.

கல்லூரி முதல்வர்களுக்கு என் வேண்டுகோள்: பஸ் கிளம்பும் முன்பே டைம் டேபிளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சிலம்பமோ ஷட்டிலோ வெறும் நடையோ, பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். எடையை யார் முன்னாலும் வாசிக்காதீர்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) ஆய்வின்போது எத்தனை மெடல் என்று ஃபைல் காட்டுகிறோம். படிப்பு முடித்து ஒரு வருஷம் ஆன பிள்ளைகளுக்கு போன் போட்டு, இப்போதும் ஏதாவது செய்கிறாயா என்று கேட்டு அதற்கும் ஒரு ஃபைல் போடுங்கள். போன் பேசும் வேலைக்கு என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் சம்பளம் இல்லாமலே வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி இயக்குநர்,
பாளையங்கோட்டை.