ஒரு மாதக் கெடுவை யாரும் சொல்லவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு குடும்பம் மஸ்கட்டில் இருந்து ஊரோடு வந்துவிடப் போகிறது. போன வாரம் அந்தப் பெண் ஃபோனில் கூப்பிட்டு, "அக்கா, சாமானை எல்லாம் ரெண்டு மூணு மாசம் அங்கேயே குடோன்ல போட்டுட்டு நாங்க முதல்ல வந்துரலாம்னு இருக்கோம். நீங்களும் அப்படித்தானே செஞ்சீங்க?" என்று கேட்டாள். ஆமாம், அப்படித்தான் செய்தேன். அதில் பட்ட பாட்டை முழுவதும் அவளிடம் சொன்னேன். வளைகுடாவில் இருந்து திரும்பும் மற்றவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

மஸ்கட்டில் 19 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தேன். 2023 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது. மாதக் கடைசியில் ஃபிளாட்டைக் காலி செய்ய வேண்டும். ஊரில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கோ இன்னும் தரை போடவில்லை. சாமானை எங்கே இறக்குவது? சரி, வீடு முடியும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று ஒரு மூவிங் கம்பெனியின் குடோனில் மாதம் 25 ரியால் வாடகைக்குப் போட்டேன். "எத்தனை மாசம் வேணும்னாலும் வைங்க சிஸ்டர், ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் நான் ஊர் வந்தேன். ஜூலையில் சாமானை அனுப்பச் சொன்னேன். சோஹாரில் கப்பல் ஏறி, கொழும்பில் கப்பல் மாறி, ஆகஸ்டில் தூத்துக்குடி வந்து சேர்ந்தது.

அங்கே சுங்க அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டி, வந்து இறங்கிய முத்திரையைப் பார்த்தார். அப்புறம் கப்பல் ரசீதில் இருந்த தேதியைப் பார்த்தார். "ஏப்ரல்ல நீங்க வந்துட்டீங்க, ஜூலையிலதானே சாமான் கிளம்பியிருக்கு?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

விஷயம் இதுதான். அப்போது நடப்பில் இருந்த 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, நம்மோடு வராமல் தனியாக வரும் உடைமையை நாம் இந்தியா வந்து சேர்ந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டில் இருந்து அனுப்பிவிட வேண்டும். நமக்கு முன்னால் அது வந்து சேர்வதானால் இரண்டு மாதம் வரை முந்தி வரலாம். ஒரு மாதம் தாண்டினால் சுங்கத் துறையின் உதவி ஆணையர் அல்லது துணை ஆணையர் காரணத்தைப் பார்த்துக் கூடுதல் அவகாசம் தரலாம். தந்தாக வேண்டும் என்பதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புபவருக்கு டி.ஆர். (டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ்) என்ற குடிபெயர்வுச் சலுகை உண்டு. பயன்படுத்திய வீட்டுப் பொருட்களுக்கு 5 லட்சம் ரூபாய் மதிப்பு வரை அன்று வரி கிடையாது. நான் 19 வருடம் சேர்த்த பொருளுக்கான அந்தச் சலுகை ஒரு தேதியால் கையை விட்டுப் போக இருந்தது.

வீடு கட்டும் மேஸ்திரியிடம் எழுதி வாங்கிய கடிதம், விசா ரத்தான தாள், குடோன் வாடகை ரசீதுகள் எல்லாவற்றையும் இணைத்து மனு கொடுத்தேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார், அவகாசமும் கொடுத்தார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதற்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் சாமான் கண்டெய்னர் கிடங்கில் கிடந்தது. முதல் சில நாட்களுக்கு அங்கே வாடகை இல்லை. அதற்குப் பிறகு நாள்தோறும் ஏறுகிறது.

"டோர் டு டோர்", அதாவது அந்த வீட்டு வாசலில் எடுத்து இந்த வீட்டு வாசலில் இறக்கித் தருவது என்று பேசித்தான் பணம் கட்டியிருந்தேன். தூத்துக்குடியில் சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர் தாளுக்குக் கட்டணம், கிடங்குக் கட்டணம், ஏற்று இறக்குக் கூலி, சுங்க வேலையைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் கூலி என்று தனித்தனியாக ரசீது நீட்டினார்கள். கூட்டிப் பார்த்தால் 38,600 ரூபாய். மஸ்கட்டுக்கு ஃபோன் போட்டால், "அது இந்தியா பக்கத்துச் செலவு, நம்ம ரேட்ல வராது" என்கிறார்கள். அவர்கள் தந்த விலைத்தாளின் கடைசி வரியில் பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு. ஆனால் வாயால் சொன்னது ஒன்று, தாளில் எழுதியது ஒன்று என்றால் அது நியாயமா?

அளவிலும் இதே கதைதான். கப்பலில் போகும் வீட்டுச் சாமானுக்கு எடையைப் பார்ப்பதில்லை, கனமீட்டர் கணக்குதான். வீட்டுக்கு வந்து பார்க்காமல் ஃபோனிலேயே 6 கனமீட்டர் என்றார்கள். கட்டி முடித்ததும் 8.2 என்று பில் வந்தது. டேப் எடுத்து நாமே அளந்துவிடலாம். வாஷிங் மெஷின் 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 85 செ.மீ. உயரம் என்றால் சுமார் 0.3 கனமீட்டர். அட்டைப் பெட்டி, மரச் சட்டம் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். இப்படி ஒவ்வொன்றாகக் கூட்டி வைத்திருந்தால் பேரம் பேசும்போதே கேட்டிருப்பேன்.

பணம் போனதைக்கூட விடுங்கள். தகரக் கூரை குடோன் அது. மே, ஜூனில் மஸ்கட் வெயில் 45 டிகிரியைத் தொடும். வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது, மகன் தேவாலயத்தில் முதல் முறை நற்கருணை வாங்கி புதுநன்மை எடுத்தபோது பிடித்த ஆல்பத்தில் படங்கள் எல்லாம் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிப்போயிருந்தன. கத்தி முனையால் மெதுவாக ஓரத்தைத் தூக்கினேன். அவன் கையில் பிடித்திருந்த மெழுகுவர்த்தி காகிதத்தில் நின்றது, முகம் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. அதற்கு மேல் பிரிக்க மனசு வரவில்லை. அந்த ஆல்பம் அப்படியே அலமாரியில் இருக்கிறது. படமும் சான்றிதழும் எத்தனை கிலோ ஆனாலும் கையோடு கொண்டு வாருங்கள்.

நான் கட்டிய பீங்கான் பெட்டியில் பாதிக்கு மேல் உடைந்திருந்தது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று கேட்டேன். நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்கு இழப்பீடு இல்லை, அவர்கள் ஆள் கட்டியிருந்தால்தான் உண்டு என்றார்கள். மொத்தமாகத் தொலைந்தால் மட்டும் பணம் தரும் பாலிசியும் இருக்கிறது. எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்ட வேண்டும். சாமான் பட்டியலில் "சமையலறைச் சாமான்" என்று ஒரே வார்த்தை எழுதியிருந்த நான்கு பெட்டிகளையும் சுங்கத்தில் திறக்கச் சொன்னார்கள். பெட்டிக்கு எண் போட்டு உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எழுதுவதே நல்லது. டிவியும் 300 லிட்டருக்கு மேற்பட்ட ஃபிரிட்ஜும் அந்தச் சலுகையில் சேரவில்லை. 420 லிட்டர் ஃபிரிட்ஜுக்கு நான் வரி கட்டினேன். முன்பே தெரிந்திருந்தால் அதை அங்கேயே விற்றிருப்பேன்.

விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, ஆகவே கிளம்பும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைத் தமிழில் சொல்ல ஓர் இடம் வேண்டாமா? நம் மாநிலத்தில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரி 12 அன்று அயலகத் தமிழர் தினமும் கொண்டாடுகிறோம். திரும்பி வருபவர் சாமானை எப்போது அனுப்ப வேண்டும், எதற்கு வரி உண்டு, துறைமுகத்தில் என்னென்ன கட்டணம் வரும் என்று ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து, அந்தந்த நாட்டுத் தமிழ்ச் சங்கங்களுக்கும் இந்தியத் தூதரகங்களுக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். குடோன் வாடகை ரசீதிலேயே "பயணி இந்தியா சேரும் நாள், சாமான் அனுப்பக் கடைசி நாள்" என்று இரண்டு கட்டங்கள் போட வேண்டும் என்று இந்தியாவில் கிளை வைத்திருக்கும் கம்பெனிகளையாவது அரசு கேட்கலாம். அந்த இரண்டு கட்டங்கள் என் ரசீதில் இருந்திருந்தால் சாமானை ஏப்ரலிலேயே அனுப்பச் சொல்லி, தங்கச்சி வீட்டு முன்னறையில் அடுக்கியிருப்பேன்.

தெருப் பெண் தன் டிக்கெட்டை ஒரு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறாள். சாமான் முதலில் கிளம்புகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.