மக்காவில் அடுத்த அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்

சவூதி பாரம்பரிய ஆணையத்தின் பொறுப்பாளர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சவூதியின் வடமேற்கில் உள்ள அல்உலாவில் நடந்துவரும் தொல்லியல் வேலையை மனசாரப் பாராட்டுகிறேன். அந்தப் பக்கத்துப் பாறை ஒன்றில் ஸுஹைர் என்பவர், உமர் இறந்த சமயத்தில் இதை எழுதினேன், வருடம் இருபத்து நான்கு என்று செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார். உமர் (ரலி) இரண்டாம் கலீஃபா; அந்த வருடம் ஹிஜ்ரி 24, அதாவது கி.பி. 644. நபி (ஸல்) மறைந்து 12 வருடம்தான் ஆகியிருந்தது. சில எழுத்துகளுக்குப் புள்ளிகூட வைத்திருக்கிறார் மனிதர்! பிற்காலத்தில் யாரும் திருத்தாத சாட்சி அது.

அதே அக்கறை மக்காவுக்கு ஏன் இல்லை? ஹரம் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்த உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டையை 2002இல் இடித்துக் கோபுர ஹோட்டல்கள் கட்டினார்கள். நபியின் மனைவி கதீஜா (ரலி) அவர்களின் வீடு என்று மக்காவாசிகள் தலைமுறை தலைமுறையாகக் காட்டிவந்த இடத்தை 1989இல் தோண்டி, படம் எடுத்துவிட்டு, மறுபடியும் மணலைப் போட்டு மூடிவிட்டார்கள். முதல் வஹீ (இறைச்செய்தி) வந்தபோது நடுங்கியபடி வந்து, போர்த்துங்கள் என்று நபி கேட்டது கதீஜாவிடம்தானே. நபி பிறந்த இடமாவது, மேயராக இருந்த அப்பாஸ் கத்தான் அங்கே நூலகம் கட்டியதால் தப்பித்தது.

முஹம்மது என்ற பெயரை 640 வாக்கில் எழுதிய சிரியாக் கிறித்தவர் ஒருவரே குறித்திருக்கிறார், அதனால் நபி வாழ்ந்தாரா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் அவர் வாழ்ந்த மக்கா எவ்வளவு பெரிய ஊர், அவருடைய குலத்தாரான குறைஷிகள் எதை விற்று எதை வாங்கினார்கள், இதற்கெல்லாம் நாம் நம்பியிருப்பது நபியின் வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக் போன்றவர்களை. 632இல் நபி மறைந்தார், இப்னு இஸ்ஹாக் இறந்தது 767 வாக்கில், அவர் எழுதியதும் 833 வாக்கில் இறந்த இப்னு ஹிஷாம் சுருக்கித் தந்த வடிவில்தான் நம் கைக்கு வந்திருக்கிறது. இஸ்லாம் பிறந்தது மக்காவில் இல்லை, ஜோர்டானில் உள்ள பெட்ராவில் என்று இன்று சிலர் துணிந்து வீடியோ போடுகிறார்கள் என்றால், மக்கா மண்ணிலிருந்து எடுத்துக்காட்ட நம்மிடம் அநேகமாக எதுவும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

இந்த இடங்களை வணங்கி மக்கள் ஷிர்க்கில் (இறைவனுக்கு இணைவைப்பதில்) விழுந்துவிடுவார்களோ என்று உங்கள் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) பயப்படுவது புரிகிறது. சரி, யாரும் அங்கே போய் நிற்க வேண்டாம், உடைந்த பானைத் துண்டு ஒன்றை அளந்து எழுதிவைப்பதில் ஷிர்க் எங்கே வருகிறது?

1989இல் எடுத்த படங்களையும் வரைபடங்களையும் முதல் வஹீ வந்த ஹிரா மலையின் அடிவாரத்தில் திறந்திருக்கும் கண்காட்சியில் வையுங்கள், ஹாஜிகள் பார்க்கட்டும். ஹரமைச் சுற்றி இனி எந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினாலும், புல்டோசருக்கு முன்னால் தொல்லியலாளர்களை இறக்குங்கள். கிடைப்பதை உடனுக்குடன் வெளியிடுங்கள்.