அதிரதன் எங்கே நின்று அழுதான்?

ஆற்காடு,
வைகாசி மாதம், ஞாயிறு மதியம்.

அன்புள்ள நண்பா,

நீ அனுப்பிய, அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸின் இசைத்தொகுப்பைக் கேட்டேன். ஒரு தடவை இல்லை, இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆற்காட்டில் பஸ் ஏறி உட்கார்ந்தால் வேலூர் போய்ச் சேர்வதற்குள் பதினோரு பாட்டும் முடிந்துவிடுகிறது. கிரீன் சர்க்கிளில் நெரிசல் என்றால் முதல் பாட்டு மறுபடி வரும்.

முதல் இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். தலைக்கு மேல் பஸ்காரர் போட்ட பாட்டு அலறுகிறது, காதுக்குள் இந்த ஆள் ரகசியம் பேசுகிறார். அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, இவன் எனக்கு இங்கிலீஷ் பாட்டு அனுப்புகிறானே என்று எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள் ரத்தினகிரி மலை கண்ணில் படும்போது ஒரு வரி புரிந்தது. சிறுவனாக இருந்தபோது நீச்சல் கற்றுக்கொடுத்தவருக்கு இவர் பெயர் வாயில் நுழையவில்லையாம், 'சுபாரு' என்று கார் பெயரால் கூப்பிட்டாராம். உனக்குத்தான் தெரியுமே, எங்கள் அப்பா வருடத்துக்கு இரண்டு தடவை பெங்களூரிலிருந்து வருவார். ஒரு பொங்கலுக்கு வந்தவர் என்னை அங்கே இருக்கும் பையனின் பெயரால் கூப்பிட்டார். நானும் "என்னப்பா" என்று போனேன். அவர் திருத்திக்கொள்ளவில்லை, நானும் திருத்தவில்லை. அன்று நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்த சுஃப்யான் ஸ்டீவன்ஸ் யார் என்று உட்கார்ந்து படித்தேன். பெற்றவள் கேரி, இவரை ஒரு வயதிலேயே விட்டுவிட்டுப் போனவள். மனநோயும் குடியும் அவளைப் பிடித்து ஆட்டியிருக்கின்றன. பிறகு லோவெல் என்பவரை மணந்துகொண்டாள். இவருக்கு ஐந்திலிருந்து எட்டு வயது வரை மூன்று கோடை விடுமுறைகள், ஓரிகன் மாநிலத்தில் அவர்களோடு கழிந்தன. தாயோடு இருந்த காலம் என்று சொல்ல அவ்வளவுதான். ஐந்தே வருடத்தில் அந்தத் திருமணமும் முறிந்தது. 2012 டிசம்பரில் வயிற்றுப் புற்றுநோயில் கேரி இறந்தாள். 2015 மார்ச்சில் வெளிவந்த தொகுப்புக்கு 'கேரி அண்ட் லோவெல்' என்றே பெயர். அட்டையில் அந்த இருவரின் பழைய புகைப்படம். ஓரிகனில் ஏதோ ஒரு ஓட்டல் அறையில் உட்கார்ந்து செல்போனிலேயே கொஞ்சம் பதிவு செய்தார் என்று படித்ததும், அடுத்த தடவை கேட்கும்போது அறையின் சுவர்கள்கூடக் காதில் விழுந்தன. பாவனைதான், ஆனால் விழுந்தன.

இதில் எனக்குக் குறையும் உண்டு. பல பாட்டுகளின் வாலில் மூட்டம் போட்டதுபோல ஓர் ஒலி சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அது எதற்கு? அழுது முடித்தவன் எழுந்து முகம் கழுவ வேண்டாமா? மேளம் என்பதே கிடையாது. சாவு வீட்டில் மேளம் இல்லாவிட்டால் நமக்கு என்னவோபோல் இருக்கிறது.

நம் வீட்டில் மேளத்துக்குக் குறையில்லை. உன்னால் வர முடியாமல் போனதால் விவரமாக எழுதுகிறேன். காரியத்துக்குக் கூத்து விட வேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். எனக்கு விருப்பமில்லை. விட்டுப்போன மனிதருக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். "செத்தவனிடம் கணக்குப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு, செய்யாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு கூத்து ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வந்துவிட்டார். என்ன கூத்து என்று கேட்கவே வேண்டாம். நம் பக்கத்தில் சாவுக்குக் 'கர்ண மோட்சம்'தான்.

பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தார்கள். கட்டியக்காரன் வந்து ஊர்க் கதையெல்லாம் பேசிச் சிரிக்க வைத்தான். சாவு வீட்டார் என்றும் பார்க்காமல் என்னையும் இழுத்தான். குலம் தெரியாதவனைக் கட்டிக்கொண்டேனே என்று பொன்னுருவி கர்ணனோடு சண்டை போட்டது மட்டும் ஒன்றரை மணி நேரம். பாதிப் பேர் பாயில் சாய்ந்துவிட்டார்கள். நானும் தூங்கிப்போனேன் என்பதை உன்னிடம் மறைப்பானேன்.

முகவீணை எழுப்பியது. நாலரை மணி இருக்கும். குந்தி வேடம் கட்டியவருக்கு ஐம்பது வயது, பவுடரைத் தாண்டித் தாடி முளை தெரிய ஆரம்பித்திருந்தது. கர்ணன் தலையை மடியில் போட்டுக்கொண்டு, பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட நாளிலிருந்து தொடங்கினார். உயிரோடு இருந்தபோது ஊரறிய மகனே என்று கூப்பிடாத தாய், இப்போது ஊரைக் கூட்டி அழுகிறாள். பெண்கள் பக்கம் மொத்தமும் அழுதது. கிரீடம் சாய்ந்து புஜக்கட்டை நழுவ, கர்ணன் அசையாமல் கிடந்தான். எனக்கு மட்டும் கண் காய்ந்தே இருந்தது.

பஸ்ஸில் போகும்போது ஒருநாள் இப்படித் தோன்றியது. கூத்தில் விட்டுப்போனவள் அழுகிறாள், விடப்பட்டவன் செத்துக் கிடக்கிறான். குந்தி முதலில் செத்து, கர்ணன் பிழைத்திருந்தால் எப்படி அழுதிருப்பான்? "என்னைப் பெற்ற தாயே" என்று எடுத்தால் அடுத்த அடிக்கு அவனிடம் என்ன இருக்கிறது? பால் கொடுத்தாய், தாலாட்டினாய் என்று ஒப்பாரியில் அடுக்குவதற்கு அவனுக்கு ஒன்றுமே இல்லையே. கையில் இருப்பதெல்லாம் மூன்று கோடை விடுமுறை. ஆக, நீச்சல் வாத்தியார், கார் பெயர் என்று அற்பமானதையெல்லாம் பொறுக்கித்தான் அழ வேண்டும். அழக்கூட உரிமை உண்டா என்ற சந்தேகத்தில் குரலை உயர்த்தாமல்தான் பாட வேண்டும். மேளம் ஏன் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் பாட்டிலேயே அவளை மன்னித்துவிட்டதாகச் சொல்கிறார். அதை நான் நம்பவில்லை. மிச்சம் பத்துப் பாட்டு எதற்கு அப்புறம்? நான்காவதும், அமெரிக்கச் சுதந்திர தினத்தின் பெயர் வைத்த ஆறாவது பாட்டும் எனக்குப் பிடித்தவை. அந்த ஆறாவது பாட்டில் சாகக் கிடக்கும் தாய் மகனைச் செல்லப் பெயர் சொல்லி மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறாள். அந்த இடம் வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

இன்னொன்று. தலைப்பில் பாதி அந்த லோவெலுக்கு. பெற்றவனில்லை, தாயோடும் நிலைக்கவில்லை, இருந்தும் உறவு விடவில்லை. 1999-இல் இருவரும் சேர்ந்து ஓர் இசை நிறுவனமே தொடங்கியிருக்கிறார்கள். மாற்றாந்தாய் இல்லாத கதை நம்மிடம் இல்லை, ஆனால் இப்படிப்பட்ட ஒரு மனிதரைக் கூப்பிட வாயில் வருகிற சொல் ஒன்று கிடையாது. கர்ணனைத் தூக்கி வளர்த்த தேரோட்டி அதிரதனை எடுத்துக்கொள். விடிய விடியக் கூத்துப் பார்த்தேனே, மகன் செத்த அன்று அந்தக் கிழவன் எங்கே நின்று அழுதான் என்று ஒருவரும் பாடவில்லை.

நம் வீட்டு அதிரதன் பந்தலின் கடைசியில், தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றிருந்தார். தங்கையை விட்டுப்போனவரை, உடம்பு முடியாமல் திரும்பி வந்தபோது வீட்டில் சேர்த்துக்கொண்டு மூன்று வருடம் கஞ்சி ஊற்றியவர். எனக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டியவர், பாலாற்றங்கரையில் எனக்கு உருமால் என்கிற தலைப்பாகை கட்டியவர். குந்தி அழும்போது மாமா தோள்துண்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தும் நான் எழுந்து அவரிடம் போகவில்லை. ஏன் என்று கேட்காதே.

போன வாரம் அவர் காதில் இந்தப் பாட்டை மாட்டிவிட்டேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "யார் வீட்டுச் சாவு?" என்றார். கதையைச் சொன்னேன். கேரியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. "அந்த லோவெல் கடைசியில் போய் அவளைப் பார்த்தானா?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை மாமா என்றேன். மறுபடியும் காதில் மாட்டச் சொன்னார்.

மற்றபடி செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம், என் திருமணப் பதிவில் வேலூர் மாவட்டம், அவர் இறப்புச் சான்றிதழில் இராணிப்பேட்டை மாவட்டம். ஊர் என்னவோ ஒன்றுதான், 2019-இல் பிரித்ததை நான்தான் ஒவ்வொரு அலுவலக ஜன்னலிலும் நின்று விளக்க வேண்டியிருக்கிறது. வெயில் உனக்குத் தெரிந்த வெயில்தான். முள்ளுக் கத்தரிக்காய் வந்திருக்கிறது, இன்னும் விலை இறங்கவில்லை.

உன் கிதாருக்குக் கம்பி மாற்றினாயா, இல்லை பரணிலேயே கிடக்கிறதா? ஆடிக் கிருத்திகைக்கு வருவதாகச் சொன்னாயே, காட்பாடியில் எந்த ரயிலில் இறங்குகிறாய் என்று எழுது. மாமாவும் கேட்டார். வரும்போது அவருக்கு ஒரு நல்ல ஹெட்போன் வாங்கி வா. என்னுடையதைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக்காரன்