சுயாதீனப் படங்களுக்கு நடுவராக அமர்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்கள், எடிட்டர்கள், ஒலி வடிவமைப்பாளர்கள், தயாரிப்பாளர்கள், நடிகர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சுயாதீனத் திரைப்பட விழாக்களுக்கு வந்து சேரும் பிரதிகளைச் சோதிப்பது, அவற்றைத் திரையிடுவது, நடுவர் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பது ஆகிய வேலைகளைப் பார்ப்பவர்கள் நாங்கள். சினிமாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர எங்களிடம் எதுவும் இல்லை. ஆனால் நடுவர் வேலைக்கென்று தனிப் பழக்கம் வேண்டும். நடுவர்களின் ரசனையால் ஒரு நல்ல படம் தோற்றால் யாரும் குறை சொல்ல முடியாது. அந்த ரசனைக்காகத்தானே உங்களை அழைக்கிறார்கள். படம் சரியாகத் தெரியாததாலோ, சரியாகக் கேட்காததாலோ, கூட்டல் கணக்காலோ தோற்றால் அது அநியாயம். அதைத் தவிர்க்க என்ன செய்யலாம் என்பதற்காகவே இந்த மடல்.

முதலில், நீங்கள் பார்க்கும் பிரதி. தியேட்டரில் ஓடும் டிஜிட்டல் பிரதியான டிசிபி வினாடிக்கு 250 மெகாபிட் வரை தகவலைச் சுமக்கலாம். நடுவர்கள் பார்ப்பதற்காக மெயிலில் வரும் ஸ்கிரீனர் லிங்க் பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. தியேட்டர் திரைக்கு நிர்ணயிக்கப்பட்ட வெளிச்சம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. பிரைட்னஸை முழுதாக ஏற்றிய லேப்டாப் அதைப்போல ஐந்தாறு மடங்கு தரும். இருட்டறைக்காகக் கலரிங் (நிறத்தையும் வெளிச்சத்தையும் சீராக்கும் வேலை) செய்த இரவுக் காட்சியை ஜன்னல் வெளிச்சம் விழும் அறையில் பார்த்துவிட்டு ‘லைட்டிங் போதவில்லை’ என்று எழுதினால், பழி ஒளிப்பதிவாளர் தலையில் விழுகிறது. அறையை இருட்டாக்குங்கள், பிரைட்னஸைக் குறையுங்கள், பிளேயரின் தரத்தை ‘ஆட்டோ’வில் விடாமல் கையால் 1080க்கு மாற்றுங்கள். இருட்டான காட்சிகளில் கட்டம் கட்டமாக உடைவது பெரும்பாலும் இணைய வேகத்தின் குறை.

டைட்டிலின் பின்னணிக் கறுப்பைக் கவனியுங்கள். அது சாம்பலாகத் தெரிந்தால் வீடியோ லெவல், அதாவது கறுப்பும் வெள்ளையும் நிற்கும் அளவு, எங்கோ மாறியிருக்கிறது. வழக்கமான 8 பிட் வீடியோவில் கறுப்பு 16இலும் வெள்ளை 235இலும் நிற்கும். பிளேயர் அதை 0 முதல் 255 வரை என்று எடுத்துக்கொண்டால் படம் முழுக்க வெளிறிப்போகும். தவறு எதிர்த்திசையில் நடந்தால் நிழலில் இருக்கும் முகம் கறுப்போடு கறுப்பாகிவிடும். டிவியில் பார்ப்பதானால் அசைவை மிருதுவாக்கும் அமைப்பை முதலில் அணையுங்கள். வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்துக்கு நடுவே டிவி தானாக ஃப்ரேம்களைச் செருகி, சினிமாவை சீரியல் மாதிரி காட்டும். படத்தின் நீளத்தையும் விண்ணப்பத்தில் உள்ள நீளத்தோடு ஒப்பிடுங்கள். 24 ஃப்ரேமில் எடுத்த 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்தால் அது 25 ஃப்ரேமில் வேகமாக ஓடியிருக்கிறது. சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் குரல்களும் சற்று ஏறியிருக்கும்.

ஒலியில் நடக்கும் பிழை இன்னும் மோசம், ஏனென்றால் அது பிழை என்றே தோன்றாது. ஒலியை ஆறு சேனல்களாகப் பிரிக்கும் 5.1 மிக்ஸில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். அந்த ஃபைலில் இடதும் வலதும் மட்டுமே ஒலித்தால் நடு சேனல் விடுபட்டுப்போகும். இசை முழங்கும், தெருச் சத்தம் துல்லியமாகக் கேட்கும், கதவு சாத்தும் ஒலி காதருகே வந்து விழும். பேசுகிறவரின் குரல் மட்டும், பக்கத்து சேனல்களுக்கு அனுப்பிய எதிரொலியாக எங்கிருந்தோ கசியும். ‘வசனம் புரியவில்லை, மிக்ஸிங் சரியில்லை’ என்ற குறிப்பு பல சமயம் இப்படித்தான் பிறக்கிறது. வசனம் மட்டும் மெலிந்து மற்றதெல்லாம் நிறைவாகக் கேட்டால் அங்கேயே நிறுத்தி, ஸ்டீரியோ பிரதி கேளுங்கள். ஹெட்ஃபோன் வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும். பல பிளேயர்கள் அதை ஈடுகட்டிவிடும், ஈடுகட்டாத இடத்தில் உதட்டசைவு விலகி ‘டப்பிங் ஒட்டவில்லை’ என்ற பெயர் வந்துவிடும்.

இவற்றில் எது கண்ணில் பட்டாலும், நேரத்தைக் குறித்து விழா அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். நாங்கள் மூலப் பிரதியில் அதே இடத்தைப் பார்த்து, குறை படத்தில் இருக்கிறதா லிங்கில் இருக்கிறதா என்று சொல்லிவிடுவோம். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். இறுதிச் சுற்றுப் படங்களையாவது எல்லா நடுவர்களும் ஒரே அரங்கில் பார்ப்பதுதான் சரி. விழாக் குழு அதற்கு ஏற்பாடு செய்யவில்லை என்றால், பொறுப்பேற்கும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

மொழி தெரியாத படங்களில் இன்னொரு சிக்கல். நீங்கள் படிப்பது சப்டைட்டிலை, திரைக்கதையை எழுதியவரின் வரிகளை அல்ல. ஆங்கில சப்டைட்டிலுக்கு ஒரு வரிக்கு 42 எழுத்து, அதிகம் போனால் இரண்டு வரி, வினாடிக்கு 17 எழுத்து வரை என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. பணமில்லாத படக்குழு நண்பர்களை வைத்தே சப்டைட்டில் போட்டிருக்கும். ஒரு நிமிட வசனத்தை மூன்று வரிகளில் சுருக்கியிருப்பார்கள், அல்லது எல்லாவற்றையும் திணித்து, படிப்பதற்குள் ஷாட் மாறிவிடும். வசனம் தட்டையாக இருக்கிறது என்று முடிவுகட்டும் முன், அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் இரண்டு காட்சிகளைக் கொடுத்து விசாரியுங்கள். வசனத்துக்கு என்று தனிப் பரிசு இருந்தால் இந்த விசாரணை இல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

முதல் தேர்வில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படத்தை முழுதாகப் பாருங்கள். குறும்படத்தைப் பாதியில் நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. முழுநீளப் படங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்து, எல்லாவற்றையும் முடிக்க வழியே இல்லை என்றால் எத்தனை நிமிடத்துக்குப் பிறகு நிறுத்தலாம் என்பதை விழாவே எழுத்தில் வைக்கட்டும். நிறுத்திய படத்தை இரண்டாவது ஆள் பார்க்காமல் நிராகரிக்கவும் கூடாது. லிங்க் இருக்கும் தளங்கள் பலவும், படம் எத்தனை முறை ஓடியது, எவ்வளவு தூரம் ஓடியது என்பதைப் படம் எடுத்தவருக்குக் காட்டுகின்றன. கட்டணம் கட்டி அனுப்பிய படம் நான்கு நிமிடத்தில் நிறுத்தப்பட்டதை அவர் பார்க்கிறார்.

பார்க்கும் வரிசையும் முக்கியம். எல்லா நடுவர்களுக்கும் ஒரே பட்டியல் போனால், கடைசியில் இருக்கும் படங்களை எல்லோருமே களைத்த கண்ணோடு பார்ப்பார்கள். ஒவ்வொருவருக்கும் வரிசையைக் கலைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு படம் முடிந்ததும் இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பத்துப் படம் கழித்து எழுதினால் முதல் படத்தின் முடிவும் மூன்றாம் படத்தின் தொடக்கமும் ஒன்றோடொன்று கலந்திருக்கும்.

பட்ஜெட்டை உங்களிடமிருந்து மறைத்துவைக்கும்படி விழாக் குழுவைக் கேளுங்கள். எண் தெரிந்தால் மனம் இரண்டு பக்கமும் சாயும்: ‘இவ்வளவு பணத்தில் இதுதானா’ என்றும், ‘இவ்வளவு குறைவான பணத்தில் இதுவே பெரிது’ என்றும். இரண்டாவது, கருணை போலத் தோன்றினாலும் அந்தப் படத்தைக் கீழே இறக்குவதுதான். ஐந்து பேர் சேர்ந்து, ஒரே லென்ஸில், இருக்கிற வெளிச்சத்தில் எடுத்த படம், அந்தக் கட்டுப்பாட்டைத் தன் மொழியாக மாற்றியிருக்கிறதா, அதற்குள் மாட்டிக்கொண்டு திணறுகிறதா என்பதைத் திரையிலேயே காணலாம்.

இனி, உங்கள் சொந்தத் துறையைப் பற்றி. தொழில் தெரிந்தவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஒளிப்பதிவாளருக்கு ஃபோகஸ் விலகியது முதலில் தெரியும், எடிட்டருக்குத் தொடர்ச்சி உடைந்த வெட்டு தெரியும். ‘நானாக இருந்தால் இந்த ஷாட்டை இன்னும் முன்னாடியே வெட்டியிருப்பேன்’ என்பது சக கலைஞருக்குச் சொல்லும் ஆலோசனை, தீர்ப்புக்கு அது போதாது. அந்த ஷாட் நீளமாக நின்றதால் காட்சிக்கு என்ன கிடைத்தது, என்ன போனது என்று சொல்ல முடிந்தால்தான் அது மதிப்பீடு. எடிட்டிங் பரிசு எல்லாவற்றிலும் கடினமானது, ஏனென்றால் எடிட்டிங் மேசைக்கு வந்த ஃபுட்டேஜ் (எடுத்த காட்சிகள்) என்ன என்பது உங்களுக்குத் தெரியாது. வெட்டுகளின் வேகத்தைப் பார்த்து அதைக் கொடுக்காதீர்கள். தகவல் எந்த வரிசையில் வருகிறது, ஒரு காட்சியின் உணர்வு அடுத்த காட்சிக்குள் எப்படிப் போகிறது, ஒலி எந்த இடத்தில் படத்துக்கு முன்னால் நுழைகிறது என்று பாருங்கள். ஒலிக்கான பரிசில், ஒரு இடத்தின் அமைதி வெட்டுக்கு வெட்டு மாறாமல் நிற்கிறதா என்று கேளுங்கள். கவனித்துச் செய்த வேலை அங்கே தெரியும், சத்தத்தின் அளவில் தெரியாது.

மதிப்பெண் தாளுக்கு வருவோம். மூன்று நடுவர்கள், இரண்டு படங்கள். முதல் நடுவர் முதல் படத்துக்கு 7, இரண்டாவதற்கு 8 போடுகிறார். இரண்டாம் நடுவரும் அப்படியே 7, 8. மூன்றாமவர் முதல் படத்துக்கு 9, இரண்டாவதற்கு 3. கூட்டினால் முதல் படம் 23, இரண்டாவது 19. மூவரில் இருவர் இரண்டாவது படமே மேல் என்று சொன்ன பிறகும் முதல் படம் வெல்கிறது. யாரும் ஏமாற்றவில்லை. ஒருவர் அளவுகோலை முழு நீளத்துக்கும் பயன்படுத்துகிறார், மற்ற இருவரும் 7க்கும் 8க்கும் நடுவிலேயே நிற்கிறார்கள், அதனால் அவர் கைக்கு இரண்டு கைகளின் பலம் வந்துவிடுகிறது. இதே தாளைத் தரவரிசையாக மாற்றி, முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2 என்று எண்ணி, குறைந்த கூட்டல் வெல்லும் என்று வைத்தால் இரண்டாவது படம் 4, முதல் படம் 5. முடிவு தலைகீழாகிறது.

ஆகவே, மதிப்பெண்ணை நீண்ட பட்டியலைக் குறைப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இறுதிச் சுற்றில் தரவரிசையும் பேச்சும் போதும். தரவரிசையும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது: மூன்று படங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டால், பெரும்பான்மை வாக்கில் முதலாவது இரண்டாவதை, இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது முதலாவதை வெல்லும் நிலை வரலாம் என்று பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே 1785இலேயே காட்டியிருக்கிறார். அப்போது கால்குலேட்டரை வைத்துவிட்டு மறுபடி பேசத்தான் வேண்டும்.

பேசுவதற்கும் முறை உண்டு. கூட்டத்துக்குள் நுழையும்போதே ஒவ்வொருவரும் தங்கள் முதல் மூன்று படங்களைத் தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். வாய் திறப்பதற்கு முன் தாள்கள் மேசைக்கு வந்துவிடட்டும். அனுபவத்தில் இளையவர் முதலில் பேசட்டும், தலைவர் கடைசியில். பெரிய பெயர் உள்ளவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்களின் கருத்து அங்கேயே வளைந்துவிடும். எல்லோரும் ஒரு முறை பேசும்வரை யாரும் இரண்டாம் முறை பேச வேண்டாம். முதல் வாக்கெடுப்பு இரகசியமாக இருக்கட்டும். தொழில்நுட்பப் பரிசுகளை முதலில் முடித்து, சிறந்த படத்தைக் கடைசியில் எடுங்கள். தலைகீழாகச் செய்தால், தோற்ற படத்தை நேசித்தவர்களைச் சமாதானப்படுத்த ஒளிப்பதிவுப் பரிசை நீட்டும் பேரம் தொடங்கிவிடும். அதனால் உண்மையில் சிறப்பாக ஒளிப்பதிவு செய்தவர் வெறுங்கையோடு போகிறார்.

உங்கள் அதிகாரம் எதுவரை என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள்: பரிசைப் பகிரலாமா, கொடுக்காமல் விடலாமா, ஒரு படத்துக்கு இத்தனைதான் என்ற வரம்பு உண்டா, படத்தைப் போட்டியிலிருந்து நீக்கும் உரிமை யாருக்கு. 1970இல் பெர்லின் விழாவில் வியட்நாம் போர் பற்றிய ஒரு படத்தை முன்வைத்து நடுவர் குழு பிளவுபட்டது; குழுவே கலைந்து, அந்த ஆண்டு போட்டிப் பரிசுகள் வழங்கப்படவில்லை. போட்டிக்குத் தேர்ந்தெடுப்பது ஒரு குழுவின் வேலை, தேர்ந்தெடுத்ததில் பரிசுக்குரியதைச் சொல்வது உங்கள் வேலை என்ற கோடு அழியும்போது எல்லாப் படங்களும் சேர்ந்து பாதிக்கப்படுகின்றன.

சுயாதீன சினிமா சின்ன வட்டம். உங்களிடம் உதவியாளராக இருந்தவர், நீங்கள் வழிகாட்டிய திரைக்கதைப் பட்டறையில் இருந்தவர், உங்கள் கம்பெனி கலரிங் செய்து கொடுத்த படம், விநியோகத்துக்கு நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் படம் எல்லாம் போட்டியில் இருக்கும். இவற்றை மறைக்காமல் முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள். அந்தப் படம் பேசப்படும்போது எழுந்து வெளியே போங்கள். வாக்குப் போடாமல் அறையிலேயே உட்கார்ந்திருந்தால், உங்கள் முன்னால் அந்தப் படத்தைக் குறை சொல்ல மற்றவர்கள் கூசுவார்கள்.

பரிசு பெறாத படத்துக்குத் தரும் பாராட்டை, சிறப்புக் குறிப்பு என்ற பெயரில் ஆளுக்கொன்று அள்ளிக் கொடுக்க வேண்டாம். ஒன்று இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. ஆஸ்கர் அகாடமியின் பட்டியலில் உள்ள விழாக்களில், அதற்கென்று குறித்த பரிசை வெல்லும் குறும்படம் ஆஸ்கருக்கு விண்ணப்பிக்கும் தகுதியைப் பெறுகிறது. சிறப்புக் குறிப்புக்கு அந்தப் பலன் இல்லை. எது எந்தக் கதவைத் திறக்கும் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

கடைசியாக, பரிசோடு வாசிக்கும் குறிப்பு. ‘மனித உணர்வுகளை நுட்பமாகச் சித்தரித்ததற்காக’ என்ற வரி எந்தப் படத்துக்கும் பொருந்தும், அதனால் படம் எடுத்தவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. எந்தக் காட்சி, எந்த முடிவு, அது ஏன் வேலை செய்தது என்று மூன்று வாக்கியம் எழுதுங்கள். முடிவெடுத்த அறையை விட்டு எழுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். மேடைக்குப் பத்து நிமிடம் முன்னால் எழுதும்போது கைக்கு வருவது தேய்ந்த வரிகள்தான். இறுதிச் சுற்று வரை வந்து பரிசு பெறாத படங்களுக்கும் இப்படி மூன்று வாக்கியம் கொடுத்தால், அவற்றை உரியவர்களுக்குச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. நிராகரிப்பு மெயிலோடு ஒரு காரணமும் போய்ச் சேரட்டும்.

நம்பிக்கையுடன்,
பிரதிச் சோதனை, திரையிடல், நடுவர் கூட்டக் குறிப்பு ஆகிய பணிகளில் இருப்பவர்கள்